உட்கார ஒரு இருக்கை: மனுவை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் கடைப் பெண்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, சட்டம் இருந்தும் இருக்கை வரவில்லையே என்ற வருத்தத்தோடு நின்றுவிட்டது. அந்தச் சட்டம் எப்படி வந்தது என்றும் எழுதியிருக்கலாம்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அது இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்கள். தையல் வேலை பார்த்த பி. விஜி அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' அமைப்பைத் தொடங்கினார். அப்புறம்தான் உட்காரும் உரிமைக்கான போராட்டம். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டுவந்த மசோதாவால், நமது 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலும், ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற 22-ஏ பிரிவு சேர்ந்தது.

அது ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்று பேரவையில் கேட்க வேண்டியவர் எம்.எல்.ஏ. ஆனால் இங்கே அவரிடம் கொடுக்கும் மனுக்களைப் பாருங்கள். ரோடு, குடிநீர், ரேஷன் கடை, பஸ், கடைசியில் ஒரு வரி பெண்கள் நலன். அவர் வாங்கி உதவியாளர் கையில் கொடுத்துவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது. அதை வைத்துப் பேரவையில் எதைக் கேட்பார்? சட்டமன்ற மனுக்கள் குழுவே ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை என்றுதான் சொல்கிறது.

ஆகவே 22-ஏ ஒன்றை மட்டும் எடுப்போம். எத்தனை கடைகளில் ஆய்வு நடந்தது, இருக்கை போடாதவர்கள் மீது என்ன நடவடிக்கை? இந்த இரண்டு கேள்வி போதும். தொழிலாளர் நலத் துறைக்கான நிதி பற்றிப் பேரவையில் பேசும் மானியக் கோரிக்கை விவாதத்துக்குச் சில வாரம் முன்பே மனுவைக் கொடுத்துவிட வேண்டும். விவாதம் முடிந்தபின் பூமாலையோடு போய் நின்று பயனில்லை. வெளியூர்த் தலைவர் யாரும் வேண்டாம், அந்தத் தொகுதி வாக்காளர்கள் போனால்தான் மதிப்பு.

கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும் என்று பெண்கள் பயப்படுவார்கள். நியாயமான பயம். முப்பது வருஷம் துணிக்கடையில் நின்ற எனக்கு அது தெரியும். அதனால் முதல் கையெழுத்து ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களுடையதாக இருக்கட்டும், அடுத்து வீட்டார், வாடிக்கையாளர்கள். சேலை எடுக்க வருகிறவர்களும் வாக்காளர்கள்தானே!

22-ஏ பிரிவைத் தமிழில் முழுசாக ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். வெட்டி எடுத்து மனுவோடு இணைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
முன்னாள் துணிக்கடை ஊழியர்,
திருச்சி