பிளவு வேறு, இணைவு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அணுமின்சாரம் பற்றிச் செய்தி வந்தாலே எங்கள் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் பேப்பர் படிக்கிறவர்கள் கூடங்குளத்தையும் சூரியனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கூடங்குளத்தில் நடப்பது பிளவு. யுரேனியம்-235 அணுக்கருவை ஒரு நியூட்ரான் தாக்க, அது இரண்டாக உடைந்து கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்களை வெளியே விட, அவை அடுத்த கருக்களைத் தாக்க, இப்படியே தொடர்ந்து போகும். இதைக் கட்டுக்குள் வைத்து ஓட்ட நமக்குத் தெரியும், ஆனால் மிஞ்சுகிற கழிவின் கதிர்வீச்சு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்கும்.

சூரியனில் நடப்பது இணைவு. உலையில் அதைச் செய்ய ஹைட்ரஜனின் கனமான இரண்டு வகைகளான டியூட்டிரியத்தையும் டிரிட்டியத்தையும் சேர்த்து ஹீலியம் ஆக்குகிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் பிளவைவிட சுமார் நான்கு மடங்கு ஆற்றல், வெப்பம் குறைந்தால் தானே நின்றுவிடும். சரி, அப்புறம் ஏன் இன்னும் மின்சாரம் வரவில்லை? பிரான்சில் இந்தியாவும் சேர்ந்து கட்டும் ஐட்டர் என்ற சோதனை இணைவு உலைக்கு 15 கோடி டிகிரி வெப்பம் வேண்டும். 2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைக் கொடுத்து இணைவிலிருந்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள், பெரிய சாதனைதான், ஆனால் அந்த லேசர்களை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது. இந்தக் கடைசி எண்ணை விட்டுவிட்டு எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அடுத்த முறை செய்தி போடும்போது எது பிளவு, எது இணைவு, மொத்தம் எவ்வளவு கொடுத்து எவ்வளவு எடுத்தார்கள் என்று பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் போடுங்கள்.

- வாசகர், பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்