ஊருக்குக் கொண்டுபோக ஒரு கைவேலை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு இந்த வாரத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் ஆசிரியர்களுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பெரிதாகப் பாடம் கிடையாது. "பரீட்சைதான் முடிஞ்சாச்சே, இனி எதுக்கு அனுப்பணும்" என்று உங்களில் பாதிப் பேர் நினைப்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து அனுப்புங்கள். விடுமுறை விடும்வரை தினமும் மதியம் கடைசி இரண்டு பீரியடையும் மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை கைவேலைக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பொருள் செய்யவேண்டும். மே மாதம் மும்பையிலிருந்து ஊருக்குப் போகும்போது, அங்கே தனக்குப் பிடித்த ஒருவருக்குத் தன் கையால் கொடுக்க. யாருக்கு என்று முடிவு செய்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடவேண்டும். "ஆச்சிக்கு" என்று சொன்னால் மட்டும் போதாது. ஆச்சிக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா, வெற்றிலை போடுவாரா, காசை முந்தியில் முடிந்து வைப்பாரா, டப்பாவில் வைப்பாரா? இதையெல்லாம் போன் போட்டு அவர்களே கேட்கட்டும். போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிக் கேட்டதில், தாத்தா தினமும் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறார் என்று தெரியவந்தது. பழைய வேட்டித் துணியில் ஒரு கண்ணாடி உறை தைத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் வைத்தான். தையல் கோணல்மாணல்தான். ஆனால் தாத்தா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் டீக்கடைக்குப் போகிறாராம்.

அந்தப் பையனைத் தவிர்த்துப் பார்த்தால், போன வருடம் நாங்கள் தோற்றுப்போனோம் என்றுதான் சொல்லவேண்டும். வந்த பொருட்களில் பாதிக்குமேல் ஒரே மாதிரி போட்டோ பிரேம், ஒரே தங்க ஜிகினா. கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் மொத்தக் கடையில் கிட்டாகவே விற்கிறார்கள், ஒட்டினால் வேலை முடிந்தது. ஒன்றில் விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. இன்னும் சிலவற்றை அக்காவோ அம்மாவோ ராத்திரி உட்கார்ந்து செய்திருந்தது பார்த்தவுடனே தெரிந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை, தப்பு எங்களுடையது. மார்க் உண்டு, கண்காட்சி வைப்போம் என்று அறிவித்தோம். மார்க் என்று சொன்னால் எந்த வீட்டில் சும்மா இருப்பார்கள்? இந்த வருடம் மார்க்கும் இல்லை, கண்காட்சியும் இல்லை. பொருள் பள்ளியிலேயே செய்யப்பட்டு, பள்ளிப் பையில் நேரே வீட்டுக்கு வரும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததைத் திருத்தாதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகள் நாலாம் வகுப்பில் படிக்கும்போது, என் அம்மாவுக்கென்று ஒரு சின்ன வயர் பர்ஸ் பின்னினாள். நீலமும் வெள்ளையும். அடிப்பாகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படகு மாதிரி இருந்தது. ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின ராத்திரி, அவள் தூங்கின பிறகு, நான் அதைப் பாதிவரை பிரித்து ஒழுங்காகப் பின்னி வைத்தேன். ரயிலில் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் என் அம்மா கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது ஒன் முடிச்சுல்லா" என்றார். நான் இடக்கைக்காரி. எனக்கு வயர் பின்னச் சொல்லித்தந்ததே அம்மாதான். என் முடிச்சு எல்லாம் மற்றவர்களுக்குச் சாய்வதற்கு எதிர்ப்பக்கம் சாயும். பர்ஸின் மேல்பாதி ஒரு பக்கமும் அடிப்பாதி இன்னொரு பக்கமும் சாய்ந்து நின்றது. என் மகள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். அந்த விடுமுறை முழுக்க அவள் வயரைத் தொடவில்லை.

சரி, என்னென்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

பெரிய பிள்ளைகளுக்கு வயர் பின்னல்தான் என் விருப்பம். தாராவியில் இந்தக் கை தெரிந்த அம்மாக்கள், ஆச்சிகள் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். முழுக் கூடை வேண்டாம், அது பிள்ளைகளுக்குப் பெரிய வேலை. பர்ஸ், பேனாக் குடுவை, சாவி மாட்டும் குஞ்சம் போதும். சாதா முடிச்சு கைக்கு வந்த பிறகு கேட்கிறவர்களுக்குச் சிவன் கண்ணும் நெல்லிக்காய் முடிச்சும் காட்டலாம். அடிப்பாகத்தை மட்டும் அவசரப்படாமல் போடச் சொல்லுங்கள். அங்கே ஒரு முடிச்சு தளர்ந்தால் மேலே போகப் போக முழுவதும் திருகிக்கொள்ளும். பின்னி முடித்த வயர் நுனிகளை உள்பக்கம் செருகாமல் விட்டால் கையைக் கிழிக்கும்.

நடு வகுப்புகளுக்கு அகல் விளக்கு. 90 அடி ரோட்டுப் பக்கம் கும்பார்வாடாவில் நம் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு வரும் வழியிலேயே சௌராஷ்டிரத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக இருக்கும் குயவர்கள் சக்கரம் சுற்றுகிறார்கள். சுட்ட விளக்குகளைப் பள்ளியே வாங்கிவிடும். அதன்மேல் வார்லி ஓவியம் வரையச் சொல்லித்தரப்போகிறோம். மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்து வார்லி மக்கள் காவி பூசிய சுவரில் அரிசி மாவைக் கரைத்து, நுனியை மென்று நார் நாராக்கிய மூங்கில் குச்சியால் வரைவது இது. வட்டம், முக்கோணம், கோடு, அவ்வளவுதான். இரண்டு முக்கோணத்தை முனையோடு முனை வைத்தால் ஒரு ஆள் நிற்பான். அந்த மக்களில் ஒருவரான ஜிவ்யா சோமா மாஷே சுவரிலிருந்து காகிதத்துக்குக் கொண்டுவந்து உலகம் முழுக்கத் தெரியவைத்தார். 2011இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊர் வாசலில் மாக்கோலமும் செம்மண் பட்டையும் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டு நிறமும் புதிதில்லை. கோலம் போடுகிற ஆச்சிக்கு இந்த விளக்கைக் கொடுத்தால் அவர் என்ன சொல்வார் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது. விளக்கின் வெளிப்பக்கம் மட்டும்தான் வண்ணம். உள்ளேயும் திரி வைக்கும் மூக்கிலும் பூசினால் ஏற்றும்போது கருகி நாறும். வெறும் மாவுக் கரைசல் மண்ணில் நிற்காமல் உதிரும், அதனால் கொஞ்சம் கோந்து சேர்ப்போம்.

சின்னவர்களுக்குத் துணி. பழைய புடவை, வேட்டி, லுங்கி எதுவானாலும் சரி, துவைத்து அனுப்புங்கள். ஆச்சியின் பழைய சேலைத் துண்டே கிடைத்தால் இன்னும் நல்லது. இங்கே பக்கத்து வீட்டு மராட்டி ஆஜிகள் (பாட்டிகள்) பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் கோதடி தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தையல், கைக்குட்டை அளவில்.

தோல் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வெட்டி ஒதுக்கும் துண்டுகளைக் குப்பைக்குப் போடாமல் ஒரு பை அனுப்பமுடியுமா? புத்தகத்தில் வைக்கும் அடையாளப் பட்டை, சாவி வளையம் எல்லாம் செய்யலாம். ஊசித் துளையை மட்டும் நீங்களே போட்டுத் தரவேண்டும், குத்தூசியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கப்போவதில்லை. அதேபோல சூடான பசைத் துப்பாக்கியும் வகுப்புக்குள் வராது. அலங்காரத் தெர்மாகோலும் வேண்டாம், மகாராஷ்டிரத்தில் அதற்கு 2018 முதலே தடை இருக்கிறது.

பணம் அனுப்பவேண்டாம். வயரும் விளக்கும் வண்ணமும் பள்ளிச் செலவு. "எல்லாரும் பெரிசா செய்றாங்க" என்று பிள்ளை வந்து அழுதாலும் கடைக்கு ஓடாதீர்கள், என்னிடம் அனுப்புங்கள்.

எல்லாரும் ஊருக்குப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, தாதரிலிருந்து போகும் திருநெல்வேலி வண்டியில் மே மாதத்துக்கு இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். பணத்தட்டுப்பாடும் இருக்கும். போகாத பிள்ளைகள் துணியில் செய்தால் உறையில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடலாம். ஊரில் யாரும் இல்லாத பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களிடம் வகுப்பில் நாங்கள் "தாத்தா பாட்டி" என்று கேட்கமாட்டோம், "உனக்குப் பிடித்தவர்" என்றுதான் கேட்போம். நீங்கள் வேலையிலிருந்து வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆஜி, கடன் சொன்னாலும் பால் கொடுக்கிற பூத்துக்காரர், யாராக இருந்தாலும் சரி.

விளக்கு கொண்டுபோகிறவர்கள் பெட்டியின் நடுவில், துணிகளுக்கிடையில் வையுங்கள். மேலே வைத்தால் வண்டி கல்யாண் தாண்டுவதற்குள் யாராவது அதன்மேல் உட்கார்ந்துவிடுவார்கள்.

வயர், தையல், கோலம், இதில் ஏதாவது தெரிந்த அம்மாக்களும் ஆச்சிகளும் செவ்வாய், வியாழன் மதியம் 2 மணிக்கு வந்தால் பெரிய உதவியாக இருக்கும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியவேண்டும் என்றெல்லாம் ஒன்றுமில்லை. டீ பள்ளியில் கிடைக்கும். பழைய துணி, தோல் துண்டு எல்லாம் வரும் திங்கட்கிழமைக்குள் வந்து சேரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை
தாராவி, மும்பை

பி.கு.: உங்கள் பிள்ளை இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வயர் பின்ன நானே சொல்லித்தருகிறேன். மற்றவர்கள் காட்டுவதைப் பார்த்துச் செய்தால் முதல் நாளே வெறுத்துவிடும்.