ஆறும் ஆறுக்கு மேலும்

மண்டபம்
18.01.2026, ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். நீ இரண்டு தடவை திரும்ப அழைத்தாய், எடுக்கவில்லை. உன்மேல் கோபம் இல்லை தங்கம். தொண்டை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். பேசினால் அழுகைதான் வரும், எழுதினால் சொல்ல வந்தது வரும் என்று விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. பொங்கல் முடிந்தும் வாடை விட்டபாடில்லை, வடகடல் கலங்கித்தான் கிடக்கிறது.

நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், நேற்று அரைகுறையாகத்தான் சொன்னேன்.

நம் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் சாயங்காலம் கபடி ஆடுவது உனக்குத் தெரியும். பி.டி. சார் பயிற்சி கொடுப்பார், நான் நோட்டும் பேனாவுமாகக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி எழுதுவேன். கணக்கு டீச்சர் என்பதற்காக யாரும் என்னை உட்கார வைக்கவில்லை. எனக்கே அந்த இடத்தை விட்டு எழுந்து வர மனசு வராது. பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் ரெய்டு போகிற பிள்ளைக்கு 30 விநாடி. அதற்குள் தொட வேண்டும், முடிந்தால் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்ட வேண்டும், மூச்சை விடாமல் திரும்ப வேண்டும். ஒருத்தி வெளியே போனால் ஆள் குறையும், எதிரணியில் ஒருத்தியை வீழ்த்தினால் வெளியே இருப்பவள் உள்ளே வருவாள். ஒவ்வொரு ரெய்டுக்கும் எதிரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கையை எழுதாமல் விட்டால் கணக்கே தப்பிவிடும்.

அதைத்தான் பைத்தான் என்கிற கணினி மொழியில் நிரலாக எழுதினேன். நாற்பது வரிகூட இருக்காது. ஒவ்வொரு ரெய்டுக்கும் எதிரில் எத்தனை பேர், எத்தனை பேரைத் தொட்டாள், போனஸ் கோட்டைத் தாண்டினாளா என்று கொடுத்தால் மொத்தப் புள்ளியை அதுவே கூட்டிச் சொல்ல வேண்டும். ஒரு ஆட்டத்தை முழுசாக ஏற்றிப் பார்த்தேன். நோட்டில் 31, நிரலில் 27. மூன்று சாயங்காலம் அந்த 4 புள்ளியைத் தேடினேன்.

நேற்று உன்னிடம் சொன்னேன். திரையைப் பகிரச் சொன்னாய். பத்து விநாடி ஆகியிருக்குமா? "அம்மா, இங்க பாருங்க, சமக்குறி விட்டுப்போச்சு" என்று அங்கிருந்தே என் லேப்டாப்பில் நீயே தட்டிவிட்டாய். 31 வந்துவிட்டது. "முடிஞ்சிருச்சும்மா, போய்ப் படுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன்.

போனஸ் சட்டம் எனக்கு நீ பிறப்பதற்கு முன்பே தெரியும். எதிரில் 6 பேரோ 7 பேரோ நிற்கும்போது தாண்டினால்தான் போனஸ், 5 பேர் ஆகிவிட்டால் கிடையாது. எழுதும்போது நான் 'ஆறுக்கு மேல்' என்று போட்டுவிட்டேன். ஆறும் சேர வேண்டும், அதற்குத்தான் அந்தச் சமக்குறி. அதனால் 7 பேர் நின்றபோது எடுத்த போனஸ் எல்லாம் வந்தது, 6 பேர் நின்றபோது எடுத்தது எல்லாம் விழுந்துவிட்டது. உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது பாப்பா. வெள்ளிக்கிழமை ராத்திரியே நோட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ரெய்டாக ஒத்துப் பார்த்து, காணாமல் போன நாலில் இரண்டைப் பிடித்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தேன். இரண்டுக்கும் பக்கத்தில் 6 என்றுதான் எழுதியிருந்தது. மூன்றாவதையும் பார்த்திருந்தால் எனக்கே பொறி தட்டியிருக்கும். அந்த இடத்துக்கு நானாகப் போய்ச் சேர ஒரு ராத்திரிதான் பாக்கி இருந்தது.

நீ ஐந்தாம் வகுப்பில் தசம வகுத்தல் போட்டது நினைவிருக்கிறதா? கரண்ட் போய்விட்டது, சிம்னி விளக்கு. நான் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "விடையைச் சொல்லும்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா" என்று கண்ணைக் கசக்கினாய். எனக்கு உன் புள்ளி எந்த இடத்தில் தவறி விழுந்தது என்று மேலிருந்தே தெரிந்தது. சொல்லவில்லை. "முதல் வரியிலிருந்து சத்தமாப் படி" என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் முறை படிக்கும்போது பாதியிலேயே நிறுத்தினாய், அழித்தாய், எழுதினாய், அப்புறம் வாசலுக்கு ஓடிப்போய் ஒரு கத்து கத்தினாய், தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தக் கத்தல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

எனக்கும் அப்படி ஒன்று உண்டு. 1983, ஜூன் 25, கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நான் ஏழாம் வகுப்பு. தாத்தா ரேடியோவைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார். வர்ணனை ஆங்கிலம். ரன், விக்கெட், ஓவர் என்ற மூன்று சொல்லும் எண்களும்தான் எனக்குப் புரிந்தன. நாம் 183 ரன். வெஸ்ட் இண்டீஸ்காரர்கள் அடிக்க அடிக்க, "இன்னும் எத்தனை வேணும், சொல்லு" என்று தாத்தா கேட்பார். நான் மனசுக்குள் கழித்துச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்த மாட்டார், "மறுபடி பாரு" என்பார். 140-இல் எல்லாரும் அவுட். "எத்தனை ரன்ல ஜெயிச்சோம்?" என்றார். "நாப்பத்திமூணு" என்று நான் சொன்ன பிறகுதான் துண்டை உதறிக்கொண்டு எழுந்து நின்றார். அன்றைக்கு ராத்திரிதான் எனக்குக் கணக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

போன நவம்பர் 2-ஆம் தேதி மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு நம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பதினோரு பிள்ளைகளும் அவர்கள் அம்மாமாரும் உட்கார்ந்திருந்தார்கள். மழையால் ஆட்டம் தாமதமாகித்தான் தொடங்கியது. நம் இந்திய அணி 298 ரன். எதிரணியான தென்னாப்பிரிக்காவின் தலைவி வோல்வார்ட் சதம் அடித்துவிட்டார், அவர் நிற்கிறவரை எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் தூக்கி அடித்ததை நம் அமன்ஜோத் ஓடிவந்து பிடித்தார் பார், பந்து கையில் பட்டுத் துள்ளுகிறது, மறுபடி துள்ளுகிறது, மூன்றாவதில்தான் சிக்கியது. கூடத்தில் யாருக்கும் மூச்சே வரவில்லை. 246-இல் முடிந்தது, 52 ரன் வித்தியாசம். நம் தீப்தி 58 ரன்னும் அடித்து 5 விக்கெட்டும் எடுத்தார். நள்ளிரவு. பாசி எடுக்கப் போகிற ஒரு அம்மா, விடியற்காலை கடலில் இறங்க வேண்டியவர், தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் பிள்ளைகளில் ஒருத்திகூடப் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போடவில்லை. காலை வருகையைச் செயலியில் பதியும்போது என் கை நடுங்கியது, அத்தனை சந்தோஷம்.

"இன்னும் நாலைந்து வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க, இப்ப எதுக்கும்மா இதெல்லாம்" என்று நீ அக்கறையோடுதான் கேட்கிறாய், தெரியும். 2020-இல் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது, பாதிப் பிள்ளைகள் வீட்டில் போனே இல்லை. இருக்கிறவர்களுக்கு என்ன அனுப்புவது, எப்படி அனுப்புவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்த்து நின்றேன். அந்த நிலைமை எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது தொடங்கியது இது. ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்தபின் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு. அந்த ஒரு மணி நேரத்தில் நான் 55 வயது இல்லை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் மாட்டிக்கொண்டு நிற்கும்போது என்னிடம் கேள்வி கேள். "அந்த வரியைச் சத்தமாப் படிங்க" என்று சொல். "6 பேர் நின்னா என்ன வரும், போட்டுப் பாருங்க" என்று சொல். என் விசைப்பலகையில் மட்டும் கை வைக்காதே. எனக்கு ஒரு வாரம் ஆனால் ஆகட்டும். நான் தவறு கண்டுபிடித்தால் வாசலில் போய்க் கத்த எனக்கும் ஆசை இருக்கிறது.

சரி, வேறு விஷயம். நெத்திலிக் கருவாடும் கருப்பட்டியும் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த லீவுக்கு ரயிலிலேயே வா. புதுப் பாம்பன் பாலத்தில் நீ இன்னும் போகவில்லை. நடுவில் 72.5 மீட்டர்த் துண்டு அப்படியே நெட்டுக்குத்தாக மேலே ஏறுகிறது, கப்பல் போனதும் இறங்குகிறது. நீயும் நானும் ராமேஸ்வரம் வரைக்கும் சும்மா போய்வரலாம்.

இன்றைக்கு விடியற்காலை 'அம்மா' என்று தட்டி எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டுப் பார்த்தேன். 3 என்று வரும் என்றிருந்தேன், 5 என்றது. அரை மணி நேரம் ஆயிற்று. அ, ம, புள்ளி, ம, கால் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. அது புரிந்துவிட்டது, நானே கண்டுபிடித்தேன். அடுத்து 'பொங்கல்' போட்டேன், 7. பிறகு நீ புதன்கிழமை அனுப்பிய வாழ்த்திலிருந்து அதே 'பொங்கல்' எடுத்து ஒட்டினேன், 8 என்கிறது! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உன் போனில் அந்த 'பொ' வேறு மாதிரி உண்டாகிறதோ, கொம்பும் காலும் தனித்தனியாக வருகிறதோ என்று ஒரு சந்தேகம். இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

உனக்கு விடை தெரிந்திருக்கும். சொல்லிவிடாதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா