ஊக்கக் கதைகளில் விடுபடும் மனிதர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆவணப்படங்களைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், அவை தன்னம்பிக்கையை வளர்க்கும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காட்டட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு படத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, விட்டுப்போனதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி விட்டுப்போவது பல நேரம் ஒரு தகவல் மட்டும் அல்ல, ஒரு மனிதர்.

அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை எடுத்துக்கொள்வோம். 1996இல் அவருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய அந்த நோயிலிருந்து மீண்டு வந்து, 1999 முதல் 2005 வரை தொடர்ந்து 7 முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். கேட்டவர் எல்லாம் கண் கலங்கிய கதை அது. அதே ஆண்டுகளில் வேறு சிலருடைய வாழ்க்கையும் நடந்துகொண்டிருந்தது. ஊக்கமருந்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய பிரெஞ்சு வீரர் கிறிஸ்டோஃப் பாஸோன், சக வீரர்களால் ஒதுக்கப்பட்டு 1999 பந்தயத்திலிருந்து பாதியில் விலகினார். ஆம்ஸ்ட்ராங்கின் அணியில் வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் வேலை பார்த்த எம்மா ஓரெய்லி, தான் கண்டதைச் சொன்னார். பதிலுக்கு வழக்கும் அவதூறும்தான் வந்தன. ஊக்கமருந்து எடுத்துக்கொண்டதை ஆம்ஸ்ட்ராங் மருத்துவமனையில் ஒப்புக்கொண்டார், நான் காதால் கேட்டேன் என்று சாட்சி சொன்ன, சக வீரரின் மனைவி பெட்ஸி ஆண்ட்ரூ பல ஆண்டுகள் பொய்க்காரி என்ற பெயரோடு வாழ்ந்தார். 2012இல் பட்டங்கள் பறிக்கப்பட்டு, 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங்கே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்ட பிறகுதான் இவர்கள் சொன்னது உண்மை என்று உலகம் ஏற்றது.

இதில் ஆவணப்படத்துக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 2009இல் ஆம்ஸ்ட்ராங் ஓய்விலிருந்து திரும்பி வந்தபோது, அந்த மறுவருகையைப் பற்றி இயக்குநர் அலெக்ஸ் கிப்னி படம் எடுத்தார். உண்மை வெளியே வரத் தொடங்கியதும் அதை நிறுத்திவைத்து, பிறகு பொய்யைப் பற்றிய படமாகவே மாற்றி 2013இல் வெளியிட்டார். விசாரணை மட்டும் சில ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தால்? முதல் படம் அப்படியே வந்திருக்கும், நாமும் பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டியிருப்போம்.

பொய் எதுவும் சொல்லாமலே ஒரு கதை எப்படித் தவறாகிவிடுகிறது என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 1996 அட்லாண்டா ஒலிம்பிக். ஜிம்னாஸ்டிக்ஸ் அணிப் போட்டியில் 18 வயது கெர்ரி ஸ்ட்ரக், ஓடிவந்து மேசை போன்ற கருவியில் கைவைத்துத் தாவும் ‘வால்ட்’ பிரிவின் முதல் முயற்சியில் கணுக்காலில் காயம்பட்ட பிறகும் இரண்டாவது முறை ஓடிக் குதித்து, தரையில் ஊன்றி, ஒற்றைக் காலில் நின்றார். பயிற்சியாளர் பேலா கரோலி அவரைத் தூக்கிக்கொண்டு போனார். அமெரிக்காவுக்குத் தங்கம். ஊக்கம் தரும் காணொளித் தொகுப்புகளில் அந்தச் சில விநாடிகள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஸ்ட்ரக்கின் இரண்டாவது பாய்ச்சலுக்குக் கிடைத்தது 9.712. அது இல்லாதிருந்தால் அதற்குப் பதிலாக அணித் தோழியின் 9.200 கணக்கில் சேர்ந்திருக்கும். குறைவது 0.512. ரஷ்யாவை அமெரிக்கா வென்ற வித்தியாசமோ 0.821. அந்தக் குதி இல்லாமலே தங்கம் கிடைத்திருக்கும். போட்டி முடியாததால் அந்த நேரத்தில் இது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்பது உண்மைதான். முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் கதை சொல்பவர்கள் ஏன் இதைச் சொல்வதில்லை? காயத்தால் தனிநபர் இறுதிச் சுற்றுகளில் அவர் கலந்துகொள்ள முடியாமல் போனதை ஏன் சேர்ப்பதில்லை? அன்று அவருக்கு அருகில் இருந்த மருத்துவக் குழுவில் லாரி நாசரும் ஒருவர். ஏராளமான ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2018இல் தண்டிக்கப்பட்ட அதே ஆள். ஸ்ட்ரக்கின் துணிவை நான் ஒரு துளியும் குறைக்கவில்லை. வலியைத் தாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பதுதான் வீரம் என்று சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்தக் காட்சி பயன்பட்டது என்பதே என் வேதனை.

2020இல் பிபிசி, தென்னாப்பிரிக்க ஓட்ட வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் பற்றிய தன் ஆவணத் தொடருக்கு ஒரு முன்னோட்டம் வெளியிட்டது. அவர் சுட்டுக்கொன்ற காதலி ரீவா ஸ்டீன்காம்ப்பின் பெயரே அதில் இல்லை. கண்டனம் எழுந்து, அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

இந்த விடுபடல்களில் பலவும் தற்செயலானவை அல்ல. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் சிகாகோ அணிக்கு ஆடிய கடைசிப் பருவமான 1997-98இல் படமாக்கப்பட்ட காட்சிகளை அவர் சம்மதமின்றிப் பயன்படுத்த முடியாது என்ற ஏற்பாடு இருந்தது. இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் அவை பூட்டிக் கிடந்தன. 2020இல் 10 பகுதிகளாகத் தொடர் வந்தபோது, தயாரிப்பில் ஜோர்டனின் வணிகக் கூட்டாளிகள் இருந்தார்கள். அதில் வில்லனாகத் தெரியும் அணி மேலாளர் ஜெர்ரி கிராஸ் 2017இலேயே இறந்துவிட்டார். தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே இல்லை. கூட ஆடிய ஸ்காட்டி பிப்பனும் ஹொரஸ் கிரான்ட்டும் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்கள். தன் கதையில் தானே தயாரிப்பாளராக இருப்பது மட்டும் குற்றமாகாது. ஒலிம்பிக் வீரர்களின் மன அழுத்தத்தைப் பற்றி அதே ஆண்டு வந்த படத்துக்கு நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்து, தன் தற்கொலை எண்ணங்களைப் பற்றியும் பேசினார். ஆனால் யார் கையில் கத்தரிக்கோல் இருந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

வீரருக்கும் அந்தரங்கம் உண்டே என்பார்கள். உண்டு. அவருடைய திருமணம், நம்பிக்கை, வீட்டுச் சண்டை எதுவும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் கேட்பது இரண்டுதான். படம் எதைச் சொல்லி நம்மை நெகிழவைக்கிறதோ, அதையே மறைத்த செய்தி புரட்டிப்போடுகிறதா? அந்த மறைப்புக்கு வேறொருவர் விலை கொடுத்திருக்கிறாரா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், நேரம் போதவில்லை என்ற சாக்கை நான் ஏற்கமாட்டேன்.

உண்மையைச் சொன்னால் நாயகன் சிறுத்துப்போவான் என்ற பயமும் வீண். 2019இல் வந்த மாரடோனா படத்தில் நேப்பிள்ஸ் நகரத்தின் கொண்டாட்டமும் இருக்கிறது, கோகெய்னும் குற்றக் கும்பலின் நட்பும் இருக்கின்றன, பல்லாண்டு காலம் தன் மகன் என்று ஏற்க மறுத்த பிள்ளையும் இருக்கிறான். பார்த்து முடித்தபோது அவருடைய ஆட்டத்தின் மீது எனக்கிருந்த பிரியம் குறையவில்லை. அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடிந்தது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களுக்கு விமரிசனம் வெளியிடும்போது, தயாரிப்பில் அந்த வீரருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ பங்கு இருந்ததா, எதிர்த்தரப்பில் யார் பேட்டி கொடுத்திருக்கிறார்கள், யாரைக் கேட்கவே இல்லை என்ற விவரங்களையும் இரண்டு வரியில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பள்ளிகளுக்குப் படங்களைப் பரிந்துரைக்கும் கட்டுரைகளில் அது கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்