12ஆவது நிமிடம்: நாடகம் செய்யும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்மை, பெண்மை பற்றி நீங்கள் செய்கிற நாடகத்தின் ஒத்திகை வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை சத்தத்தோடு, அடுத்த தடவை சத்தத்தை அணைத்துவிட்டு. உடலை நம்பிச் செய்கிற நாடகத்தின் லட்சணம் சத்தமில்லாமல் பார்த்தால்தான் தெரியும். உங்களுக்கு அந்தப் பின்னணி இசை ரொம்பவே முட்டுக்கொடுக்கிறது. கொஞ்ச நாளைக்கு அதை மூட்டைகட்டி வை.

"ஒளிக்காமல் சொல்லுங்கள் அக்கா" என்று எழுதியிருந்தாய். சரி, சொல்கிறேன். நாற்பது நிமிட வீடியோவில் நாடகம் இருந்தது ஒரே ஓர் இடத்தில். அது நீங்கள் ஒத்திகை பார்த்த எந்தக் காட்சியிலும் இல்லை. 12ஆவது நிமிடத்தை மறுபடி போட்டுப் பார். வார்ம்-அப் முடிந்ததும் நீ கைதட்டி, "ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம்" என்கிறாய். ஆறு பேர் பிரிந்து போகிறார்கள். ஏழாவது ஆள் நடுவிலேயே குனிந்து ஷூ லேஸைக் கட்டுகிறார். லேஸ் அவிழவே இல்லை, பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டியிருந்ததை அவிழ்த்து, நிதானமாக மறுபடி முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டு, எழுந்து ஒரு பக்கமாகப் போய் ஓரத்தில் நிற்கிறார். நீ அப்போது ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய்.

ஏழெட்டு நொடிதான். ஆனால் ஆண், பெண் என்ற பிரிவினை ஓர் உடம்பின் மேல் எப்படி வந்து இறங்குகிறது என்பது அந்த நொடிகளில் இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் 'ஆண்மை' என்று முஷ்டி மடக்கித் தரையை மிதித்ததிலும், 'பெண்மை' என்று மணிக்கட்டை வளைத்துக் கண்ணாடி பார்த்ததிலும் அது இல்லை. அந்தக் காட்சிகள் மோசம் என்று சொல்லவில்லை, சுத்தமாக, ஒரே தாளத்தில் செய்கிறீர்கள். ஆனால் முதல் இரண்டு நொடியிலேயே பார்ப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்ததும் தலையாட்டிவிட்டு வேறு ஏதோ யோசிக்கப் போய்விடுவார்.

உன்னைச் சொல்கிறேனே, என் முதல் நாடகத்தில் நானும் இதையேதான் செய்தேன். ஆண்கள் பெண்ணாக நடக்க வேண்டும், பெண்கள் ஆணாக நடக்க வேண்டும். சொன்ன மாத்திரத்தில் ஆண்கள் அத்தனை பேரும் இடுப்பை ஆட்டினார்கள். பெண்கள் மார்பை நிமிர்த்தி முழங்கையை விரித்தார்கள். அரங்கத்தில் ஒரே சிரிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது குழுவில் ஒருத்தி, "நான் அப்படியா நடக்கிறேன்?" என்று கேட்டாள். யாரையும் மனதில் வைத்துச் செய்யவில்லை என்றேன். "அதைத்தான் கேட்கிறேன். அப்படி நடக்கிற ஒருத்தியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?" என்றாள். பார்த்ததில்லை. மற்ற நாடகங்களில்தான் பார்த்திருந்தேன்.

அதற்கப்புறம் நான் ஒத்திகையில் "ஆணாகச் செய்", "பெண்ணாகச் செய்" என்று சொல்வதை விட்டுவிட்டேன். எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுப்பேன், உடம்பு எங்கே தயங்குகிறது என்று பார்ப்பேன். அவ்வளவுதான் என் வித்தை.

பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கி, ஏழு பேரையும் எதிர்ச் சுவரைப் பார்த்து முழு பலத்தோடு எறியச் சொல். எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்காதே. கால் முன்னே வருகிறதா, இடுப்பு திரும்புகிறதா, இல்லை முழங்கைக்குக் கீழே மட்டும்தான் வேலை நடக்கிறதா என்று பார். 1980இல் ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் பந்தெறியும்போது முழு உடம்பையும் அதில் போடாததற்குக் காரணம் பெண் உடம்பின் இயற்கை அல்ல, பெண்ணாக வளர்ந்த சூழல் என்பது அவர் கட்சி. "என்னால் முடியும்" என்று நீளுகிற கையையே "முடியாது" என்று உள்ளிருந்து ஒன்று பிடித்து இழுக்கிறது. நடிகனுக்கு இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. ஒரே அசைவில் இரண்டு எதிர் விசைகள்! மேடையில் அதை ஐந்து மடங்கு மெதுவாகச் செய்துபாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், முடிவு நீ எதிர்பார்க்கிற மாதிரி இரண்டாகப் பிரியாது. உங்கள் ஆண்களில் ஒருவர் முழங்கையால் மட்டும் எறிவார். விளையாட்டில் ஆள் பிரிக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நின்ற பையனாக இருந்திருக்கலாம். ஒரு பெண் சுவர் அதிர எறிவாள். அந்த இருவரையும் கணக்கில் சேர்க்காமல் விட்டால் நாடகம் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

உடலில் வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் தோளிலும் கையிலும் ஆண்களுக்குப் பலம் கூடுதல். கால் பலத்தில் அந்த இடைவெளி குறைவு. ஆனால் மேடைக்குச் சராசரி வருவதில்லை, ஏழு ஆட்கள்தான் வருகிறார்கள். உன் வீடியோவில் நான்கு தூக்கல்கள் எண்ணினேன். நான்கிலும் ஆண் தூக்குகிறான், பெண் பறக்கிறாள். இதை யாரும் முடிவுசெய்து செய்திருக்க மாட்டீர்கள், தானாக வந்திருக்கும். தானாக வந்த விஷயங்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் குழுவிலேயே உயரம் குறைந்த அந்தப் பெண், உயரமான அந்த ஆளைத் தூக்கட்டும். கையால் இழுத்துத் தூக்கினால் முதுகு போய்விடும். அவள் முழங்காலை மடித்துத் தாழ்ந்து, தன் இடுப்பை அவன் இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டுபோய் வைக்க வேண்டும். அவன் அதே எண்ணிக்கையில் தரையை உதைத்து எழும்ப வேண்டும். பாரம் அவள் இடுப்புக்கு மேல் உட்காரும். காலை நிமிர்த்தினால் அவன் தரையில் இருக்க மாட்டான். கீழே பாய், இரண்டு பக்கமும் பிடிக்க ஆள், முதல் பத்துத் தடவை பாதி உயரம் மட்டும். வேடிக்கை என்னவென்றால், இதில் திணறப்போவது அவள் இல்லை, அவன்தான். தூக்கப்படுபவர் தன் பாரத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். வளர்ந்த ஆண்கள் பலருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அவன் கால் கடைசி நொடியில் தரையைத் தேடும் பார், அங்கே ஒரு காட்சி இருக்கிறது.

இதில் புதுசு ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆண்கள் பார்த்துவந்த பாரமான ஆலை வேலைகளுக்குப் பெண்கள் வந்தார்கள். அசைவை ஆராய்வதையே வாழ்க்கையாக வைத்திருந்த ருடால்ஃப் லாபன் அங்கே போய் அவர்கள் வேலை செய்வதைக் கவனித்தார். கைப்பலத்தால் மல்லாடாமல், உடம்பை ஊசல்போல வீசி அந்த வேகத்தில் பாரத்தை நகர்த்தச் சொல்லிக்கொடுத்தார். நாம் வார்ம்-அப்பில் செய்கிற அந்த எட்டு விசைகளும் அவர் வகுத்தவைதான்: அழுத்து, குத்து, முறுக்கு, வீசு, வழுக்கு, மித, தட்டு, சுண்டு. உங்கள் குழுவில் குத்தும் வீச்சும் ஆண்களிடமும், மிதத்தலும் வழுக்கலும் பெண்களிடமும் போய்ச் சேர்ந்துவிட்டன. சீட்டு எழுதிக் குலுக்கிப் போடு. வந்ததை வைத்து ஒவ்வொருவரும் ஒரு சட்டையை மடிக்கட்டும். அழுத்தி மடிக்கிறவரையும் குத்தி மடிக்கிறவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்.

நடுநிலை முகமூடியில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஆரம்பி, நல்ல பயிற்சி. ஆனால் அதிலும் ஒரு குறும்பு இருக்கிறது. 1956இல் பாரிசில் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகாக்குக்கு அந்தத் தோல் முகமூடியைச் செய்துகொடுத்தவர் படுவா நகரத்துச் சிற்பி அம்லெட்டோ சார்த்தோரி. எந்தக் குணமும் இல்லாத, எந்தக் கடந்தகாலமும் இல்லாத முகம் அது. அதையும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டாகச் செய்தார்கள்! நடுநிலைக்கே இரண்டு முகம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. நீ செய்தால் சொல்லு.

ஒரே அசைவு, வேறு வேறு உடம்பு என்று நான் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் ஜெர்மன் நடன இயக்குநர் பினா பௌஷ். ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் கவரப் பார்ப்பதையும் காயப்படுத்துவதையும் வைத்து 1978இல் அவர் 'கொன்டாக்ட்ஹோஃப்' என்று ஒரு படைப்பு செய்தார். 2000இல் அதையே 65 வயது தாண்டிய சாதாரண மனிதர்களை வைத்துச் செய்தார், 2008இல் பதின்வயதுப் பிள்ளைகளை வைத்து. அசைவுகள் அதேதான். ஆனால் ஒரு கை இடுப்பைத் தொடுவது பதினைந்து வயதில் ஒரு அர்த்தம், எழுபதில் வேறு அர்த்தம். அதில் ஆண்கள் கூட்டமாக ஒரு பெண்ணைச் சூழ்ந்து தொடுகிற ஒரு காட்சி உண்டு. ஒவ்வொரு தொடுதலையும் தனியாக எடுத்தால் பாசம் என்றே சொல்லலாம். நிறுத்தாமல் தொடரத் தொடரப் பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசையும். யாரும் கையை ஓங்கவில்லை. உங்கள் அறைகிற காட்சியை இதோடு வைத்துப் பார், எதற்குப் பலம் அதிகம் என்று.

தொடுவது என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாளும் ஒத்திகை தொடங்குமுன் அவரவர் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று கையால் காட்டட்டும். நேற்றுச் சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே. இயக்குநர் முகம் சுளித்தால்கூட அது கட்டாயம்தான்.

அந்த ஷூ லேஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்ததும் உனக்கு அதை அப்படியே மேடையில் வைக்கக் கை பரபரக்கும். வைக்காதே. அது அவருடையது. எல்லோர் முன்னாலும் கேட்காதே, தனியாகப் போய்க்கூட "ஏன் நின்றீர்கள்?" என்று துருவாதே. அதற்குப் பதிலாக ஏழு பேரிடமும் ஒரே கேள்வி கேள்: "போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருக்க உன் உடம்பு கண்டுபிடித்த சாக்கு என்ன?" வாயால் சொல்ல வேண்டாம், செய்து காட்டட்டும். ஒருத்தர் பையில் எதையோ தேடுவார், ஒருத்தர் தண்ணீர் குடிக்கப் போவார், ஒருத்தர் இருமுவார். நீயும் செய், கேள்வி கேட்கிறவன் தப்பித்துக்கொள்ளக் கூடாது. லேஸைக் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அவரே கட்டுவார். தோன்றாவிட்டாலும் உனக்கு ஆறு சாக்குகள் கையில் இருக்கும், ஒரு காட்சிக்கு அது தாராளம்.

அடுத்த வீடியோ எடுக்கும்போது போனை நேர் எதிரே வைக்காதே. பக்கச் சுவரோரம், இடுப்பு உயரத்தில் வை. காட்சிக்கு வெளியே நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: குழுவை நாளைக்கே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தால் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரி. ஏழு பேர்தானே, ஓர் ஆள் மிஞ்சும். அந்த இடத்தில் நீ போய் நில்.