750-ஐ இறக்காதே, அம்மு

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய ஒத்திகைப் பதிவை ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பாட்டுக்குத் துணையாக ரிதம் வாசிக்கும் வரை உன் கிட்டார் கம்பீரமாகக் கேட்கிறது. நீ முன்னால் வந்து வாசிக்கும் சோலோ தொடங்கியதும் உன்னைத் தேட வேண்டியிருக்கிறது. விரல்கள் ஓடுவது தெரிகிறது, சுரம் காதில் விழவில்லை. இன்னும் கொஞ்சம் கெயின் ஏற்றிப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். ஆம்புக்குள் நுழையும் ஒலியைப் பெருக்கும் அந்தக் கெயினைத் தொடாதே.

டிஸ்டார்ஷன் என்பது ஒலி அலையின் தலையை நறுக்குவது. ஆம்பின் முதல் கட்டமான ப்ரீஆம்பில் உள்ள வால்வுகள் தம் எல்லையைத் தொட்டுவிட்டால், உள்ளே எவ்வளவு அனுப்பினாலும் வெளியே வரும் அலை உயராது. நறுக்கல் மட்டும் கூடும். அறையில் தனியாக வாசிக்கும்போது அது சுகமாக இருக்கும், சுரம் நீண்டு நிற்கும். குழுவோடு சேர்ந்ததும் பிக் தந்தியில் படும் அந்த முதல் அடி மழுங்கிவிடும். அந்த அடியை வைத்துத்தான் கேட்பவர் ஒரு சுரத்தை அடுத்த சுரத்திலிருந்து பிரித்தறிகிறார்.

உன்னிடம் இருப்பது மெசா பூகி மார்க் வரிசை ஆம்ப். ராண்டல் ஸ்மித் கலிபோர்னியாவில் உருவாக்கிய அந்த வரிசையின் அடையாளமே முகப்பில் இருக்கும் ஈக்வலைசர்தான், அதாவது ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் ஐந்து ஸ்லைடர்கள்: 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ். அதிக கெயின் தரும் லீட் சேனலில் பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருக்கின்றன; ஸ்லைடர்கள் அதற்குப் பின்னால். இந்த வரிசை மனதில் பதிந்தால் மற்றதெல்லாம் தானே புரியும். குமிழைத் திருப்பினால் ஒலி எப்படி உடைகிறது என்பது மாறும். ஸ்லைடரை நகர்த்தினால் உடைந்து முடிந்த ஒலியின் உருவமும் உயரமும் மாறும். அதனால்தான் இந்த ஆம்பில் பேஸ் குமிழை மிகக் குறைவாக வைத்துவிட்டு, வேண்டிய அடித்தளத்தை 80 ஸ்லைடரில் எடுத்துக்கொள்கிறார்கள். பேஸைக் குமிழிலேயே ஏற்றினால் டிஸ்டார்ஷன் குழகுழவென்று ஆகிவிடும்.

நீ அனுப்பிய படத்தில் இரண்டு ஓரமும் மேலே இருக்கின்றன, நடுவில் 750 பள்ளத்தில் கிடக்கிறது. தனியாக ரிதம் வாசிக்க அது நல்ல ஒலிதான். கனமான இசை வாசிப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் சோலோவுக்கும் அதே பள்ளத்தோடு போகிறாய். கணக்கைப் பார். உன் கிட்டாரின் முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸ். 12-வது ஃப்ரெட்டில் 659. 15-வது ஃப்ரெட்டில் 784. 22-வதில் 1175. நீ சோலோவில் அதிகம் உலவும் இடமே 750-ஐச் சுற்றித்தான் இருக்கிறது. அந்த ஸ்லைடரை இறக்கும்போது சுரத்தின் உயிரையே இறக்குகிறாய். மேலே நீ ஏற்றி வைத்த 6600-ஐச் சிம்பல் விழுங்கிவிடுகிறது. கீழே ஏற்றிய 80-ஐ பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் என்ன இருக்கிறது சொல்.

கோயில் கொடைகளில் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவன் நான் என்பதால் நாதஸ்வரத்தைத்தான் இதற்குச் சொல்லத் தோன்றுகிறது. பக்கத்திலேயே தவில் இடியாக முழங்கினாலும், மைக் இல்லாமலே அது தெருக்கோடி வரை போகும். அதன் பலமெல்லாம் நம் காது கூர்மையாகக் கேட்கும் நடுப்பகுதியிலும் அதற்குச் சற்று மேலும் குவிந்திருக்கிறது. தவில் இருக்கும் இடத்தில் போய் அது மல்லுக்கு நிற்பதில்லை.

இனி செய்ய வேண்டியது. ரிதத்துக்கு ஈக்வலைசரை அணைத்து வைத்து, குமிழ்களைக் கொண்டே நல்ல ஒலியை அமைத்துக்கொள். சோலோ வரும்போது கால் ஸ்விட்சில் ஈக்வலைசரை உள்ளே கொண்டுவா. அதில் 750 நடுக்கோட்டுக்கு மேலே பாதித் தூரம் ஏறியிருக்கட்டும். 2200 அதைவிடக் கொஞ்சம் குறைவாக. 240 கோட்டுக்குச் சற்று மேலே. அதை விட்டுவிட்டால் மெல்லிய தந்திகள் ஒல்லியாகிக் கீச்சிடும். 80 கோட்டிலேயே அல்லது சிறிது கீழே, 6600 கோட்டிலேயே நிற்கட்டும். இந்த ஆம்பின் ஈக்வலைசரில் தனி லெவல் ஸ்லைடர் கிடையாது. மொத்தச் சத்தமும் கூட வேண்டுமானால், இதே உருவம் கலையாமல் ஐந்தையும் சேர்த்துக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும்.

ரிதத்துக்கு அந்தப் பள்ளம் வேண்டும்தான் என்று அடம்பிடிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? அப்படியானால் ஆம்பின் ஸ்லைடர்களை ரிதத்துக்கே விட்டுவிட்டு, சோலோவுக்கு பாஸ் ஜிஇ-7 போன்ற ஓர் ஈக்வலைசர் பெடல் வாங்கிக்கொள். 100 முதல் 6400 ஹெர்ட்ஸ் வரை ஏழு ஸ்லைடர்கள், ஒவ்வொன்றிலும் 15 டெசிபல் வரை ஏற்ற இறக்கம், தனியாக ஒரு லெவல் ஸ்லைடர். அதில் 800-ஐ ஏற்று. அந்தப் பெடலைக் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைக்காதே. வைத்தால் மறுபடியும் கெயின் கதைதான்: நறுக்கல் கூடும், சத்தம் உயராது. ஆம்பின் பின்பக்கம் இருக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பில் மாட்டு. அங்கே அது ப்ரீஆம்புக்குப் பின்னால் வருவதால், ஏற்றியது ஏற்றியபடியே, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்குப் போகும். பெடல்களில் இந்த அளவு ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். சோலோ முடிந்த கணமே அணைத்துவிடு.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் பவர் ஆம்ப் இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும்; 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. ரிதத்துக்கே மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் குமிழை முழுக்கத் திறந்து வைத்திருந்தால் சோலோவுக்குக் கொடுக்க ஆம்பிடம் ஒன்றும் இருக்காது. ஸ்லைடரைக் கூரை வரை ஏற்றினாலும் ஒலி நசுங்குமே தவிர உயராது. அதனால் தலைகீழாகத் தொடங்கு. முதலில் முழுக் குழுவும் வாசிக்கும்போது சோலோ ஒலியைச் சரிசெய். பிறகு ஈக்வலைசரை அணைத்துப் பார்த்து, ரிதம் அதற்குக் கீழே எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று கேள்.

சரிசெய்யும்போது ஆம்புக்கு முன்னால் முழங்கால் இடிக்க நிற்காதே. ஸ்பீக்கரின் மேல் அதிர்வெண்கள் ஒரு கற்றையாக நேரே முன்னால் பாயும். நிற்பவரின் காதுக்கு அவை எட்டாது, மந்தமாகத் தோன்றும். நீ 6600-ஐ ஏற்றுவாய். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் காது கிழியும். நீளமான வயர் போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய், ஸ்பீக்கரின் உயரத்துக்குக் குனிந்து கேள். ஆம்பைச் சாய்த்தோ, நாற்காலி மேல் ஏற்றியோ வைத்தாலும் சரி.

கீபோர்ட் வாசிக்கும் பையனிடமும் ஒரு வார்த்தை சொல். உன் பதிவில் சோலோ நேரத்தில் அவன் இரண்டு கையாலும் நடு ஸ்தாயியை நிரப்பிக்கொண்டிருக்கிறான். இடது கையை எடுத்துவிட்டு, வலது கையை ஒரு ஸ்தாயி மேலே கொண்டுபோகச் சொல். கோபித்துக்கொள்ள மாட்டான், அவன் சோலோவுக்கு நீயும் ஒதுங்கினால்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிக்சர் முன்னால் உட்கார்ந்தே எனக்கு வலது காதில் மெல்லிய ஓசைகள் கேட்பது குறைந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமாகிறது. 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்பதைத்தான் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறார்கள். 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். உங்கள் ஒத்திகை அறையில் டிரம்ஸ் ஒன்றே போதும், அதைத் தாண்டிவிடும். பஞ்சு அடைத்துக்கொண்டால் மேல் ஒலி மட்டும் போய், அதை ஈடுகட்ட நீ ஸ்லைடரை ஏற்றுவாய். இசைக்கலைஞர்களுக்கென்றே எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் காதடைப்பான் கிடைக்கிறது. உன் கணக்கில் நாளைக்குப் பணம் போடுகிறேன், பெடலுக்கு முன் அதை வாங்கு.

அன்புடன்,
அப்பா