“அழிந்துபோன இனம்” என்ற வரியை நீக்குங்கள்

சிறுவர்களுக்கான உலக வரலாற்று நூலை வெளியிட்ட பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். எந்தப் பக்கத்தைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. “அப்பாச்சிகள்: கொள்ளையடித்து வாழ்ந்து அழிந்துபோன இனம்” என்று ஓர் அமெரிக்கப் பூர்வகுடி மக்களைப் பற்றி எழுதிய வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

போன ஞாயிறு எங்கள் ஊர் நூலகத்தில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்தை விரித்துக்கொண்டு வந்தாள். துப்பாக்கியோடு முழங்காலிட்டிருக்கும் அப்பாச்சிப் போர்த்தலைவர் ஜெரோனிமோவின் படத்தின் மேல் விரலை வைத்து, “இவங்கள்ல ஒருத்தர்கூட இப்ப இல்லையா சார்?” என்றாள்.

இருக்கிறார்கள். அரிசோனாவில், நியூ மெக்சிகோவில், ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள். ஓக் பிளாட் என்ற தங்கள் புனித நிலத்தைச் செம்புச் சுரங்கத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 மே மாதம் அந்த நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. அழிந்துபோனவர்களா வழக்கு நடத்துவார்கள்?

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று உங்கள் நூலில் ஒரு சொல் இல்லை. அவர்களுடைய மொழிக்கு உறவான மொழிகள் அலாஸ்காவிலும் கனடாவின் வடமேற்கிலும் பேசப்படுகின்றன. அந்தக் குளிர்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே இறங்கி வந்தவர்கள். நவஹோ என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் அவர்களுக்குப் பங்காளிகள். ‘அப்பாச்சி’ என்பதே மற்றவர் வைத்த பெயர். பகைவர் எனப் பொருள்படும், ஜூனி என்ற வேறொரு பூர்வகுடியினரின் மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது இண்டே, அதாவது மக்கள்.

கொள்ளையே நடக்கவில்லை என்று நான் வாதாடவில்லை. ஜெரோனிமோவின் தாயையும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் மெக்சிகோ படையினர் கொன்றதை விட்டுவிட்டு, அவர் கொள்ளையடித்ததை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது.

1886 செப்டம்பரில் அவர் அமெரிக்க ராணுவத்திடம் சரணடைந்தார். அவருடைய பிரிவினரான சிரிக்காவா அப்பாச்சிகளைக் குஞ்சுகுளுவான்களோடு ரயிலேற்றி ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு வழிகாட்டிய அப்பாச்சிகளையும் விட்டுவைக்கவில்லை. அப்புறம் அலபாமா, அப்புறம் ஓக்லஹோமா. மொத்தம் 27 ஆண்டுகள் போர்க்கைதிகள். காவலில் பிறந்த குழந்தையும் போர்க்கைதிதான். தாய்ப்பால் மறக்காத பிள்ளை எந்தப் போருக்குப் போனது? ஜெரோனிமோ 1909-இல் கைதியாகவே செத்துப்போனார். மற்றவர்களை 1913, 1914-இல்தான் விட்டார்கள். அதையெல்லாம் தாங்கி மிஞ்சியவர்களைத்தான் நீங்கள் இல்லை என்கிறீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு வரும் உலக வரலாற்று நூல்கள் பலவற்றிலும் இதே கதைதான். பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுதுகிறார்கள், சரிபார்க்க ஆள் வைப்பதில்லை. வழவழப்பான தாளுக்குச் செலவாகும் பணத்தில் கொஞ்சம் அதற்கும் ஒதுக்கக் கூடாதா?

சரி, அந்தப் பேச்சு இன்னொரு நாளைக்கு. இப்போது கேட்பது ஒன்றுதான். அந்த வரியை நீக்குங்கள். அவர்கள் வந்த வழியையும் இன்று வாழும் இடங்களையும் நாலு வரியில் சேருங்கள். அடுத்த பதிப்பு தாமதமானால் தயவுசெய்து ஒரு திருத்தச் சீட்டாவது அனுப்பிவையுங்கள். எங்கள் நூலகப் பிரதியில் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்